சார் தூங்குகிறார்

ஆன்றோ,

நேற்றிலிருந்து ஒன்பது தடவை போன் அடித்துவிட்டாய். நான் எடுக்கவில்லை. வேலையாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடுக்காமல் இருந்தேன். எடுத்தால் நான் கத்துவேன், நீ "அம்மா ப்ளீஸ், டென்ஷன் ஆகாதே" என்பாய், நான் இன்னும் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. இன்று சாயங்காலம் உன் அப்பா இதை உன் கேம்ப்புக்கே கொண்டுவந்து கையில் தருவார். நான் எழுத எழுத அவரும் படிக்கிறார். நீயும் படித்துவிட்டு, ஊருக்குப் போன் செய்து, நீ கட்டப்போகிற ஜெனிக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டு. உன்னைப் பற்றி அவள் தெரிந்துகொள்ள வேண்டியது இதில் இருக்கிறது. என்னைப் பற்றியும் இருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. ஷார்ஜாவில் பாதி ஊர் இருட்டு என்றார்கள். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி, நம் வீட்டுக்குள் அதற்குக் குறையாது. உன் அப்பா மீன் மார்க்கெட் ஐஸ் பிளாண்டில் பத்து வருடம் குப்பை கொட்டியதற்கு முதல் தடவையாக வீட்டுக்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது. ஒரு மீன்பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்து ஹாலின் நடுவில் வைத்தார். அதற்குள் காலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஜெபமாலை சொன்னோம். வீடு முழுக்கச் சாளை மீன் வாடை. பில்டிங்கில் இருந்தவர்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர் அள்ளி அள்ளிக் கொடுத்தார். அன்றைக்கு உனக்கு நான் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "கேம்ப்ல ஜெனரேட்டர் இருக்கும்மா, ஐம் ஃபைன்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நீ நன்றாக இருக்கிறாய், அது போதும் எனக்கு. நீ சூப்பர்வைசராக இருக்கிற அந்த லேபர் கேம்ப்பில் இன்னும் இருநூறு பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கும் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நர்ஸாக முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் பூசைக்குப் போனேன். கோயிலிலும் கரண்ட் இல்லை. சாமியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கரண்டுக்காக மன்றாடினார், எல்லாரும் பாட்டுத்தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டே ஆமென் சொன்னோம். அங்கிருந்து நேராக டூட்டிக்குப் போய்விட்டேன். மத்தியானம் மூன்றரை இருக்கும், ஒரு பிக்கப்பின் பின்னால் ஒருவரைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். மேலே கை வைத்தேன், தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. காய்ச்சல்மானியில் நாற்பத்தொன்றுக்கு மேலே. கண் மேலே செருகிவிட்டது, வலிப்பில் கை கால் வெட்டிக்கொண்டே இருந்தது. சட்டையைக் கிழித்தோம், பெட்ஷீட்டை நனைத்துப் போர்த்தினோம், அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸை வைத்தோம். ஆஸ்பத்திரி ஐஸ் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோனது, ஏனென்றால் அன்றைக்கு அவர் ஆறாவது ஆள். நான் உன் அப்பாவுக்குப் போன் செய்து "ஐஸ், உடனே, எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்றேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. நான்கு மீன்பெட்டி ஐஸோடு எமர்ஜென்சி வாசலில் வந்து இறங்கினார். காளிமுத்து என்கிற அந்த மனிதரை நாங்கள் மீன் ஐஸில் புதைத்துத்தான் உயிரோடு வைத்தோம். டியூப் போட்டபோது மூத்திரம் பால் ஊற்றாத சுலைமானி டீ நிறத்தில் வந்தது. கிட்னி அடிவாங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதுவரை அவர் எந்தக் கேம்ப் என்று எனக்குத் தெரியாது. உன் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு போனைத்தான் நான் எடுத்தேன். கல்யாணத் துணி விஷயமாகக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். "அம்மா, நம்ம கேம்ப் லேபர் ஒருத்தன் உங்க ஆஸ்பிட்டலுக்கு வந்திருக்கானா? நீதான் டூட்டியா? தேங்க் காட். அவனுக்கு ஏற்கெனவே ஃபீவர் இருந்துச்சுன்னு ஹிஸ்டரில போட்ரும்மா. ரெண்டு வார்த்தைதானே, யாரு பார்க்கப்போறா."

ரெண்டு வார்த்தைதானே. ஆன்றோ, உனக்கு அந்த ரெண்டு வார்த்தை என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும், தெரிந்துதான் கேட்டாய். ஏற்கெனவே காய்ச்சல் என்று எழுதினால் அது அவர் உடம்பின் குற்றம். கொஞ்சம் தேறியதும் கையில் ஒரு டிக்கெட்டைக் கொடுத்து, கெட்டுப்போன கிட்னியோடு அவர் ஊர் விருத்தாசலத்துக்கு ஏற்றி அனுப்பிவிடலாம். கதவு பூட்டிய கேம்ப்பில் இரண்டு நாள் கரண்டும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தார் என்று எழுதினால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், நீ பதில் சொல்ல வேண்டும். அவர் ஐஸுக்குள் வெட்டிக்கொண்டு கிடக்கிறார், நீ போனில் என்னிடம் எழுத்து வேலை சொல்கிறாய். அவர் பிழைப்பாரா என்று நீ கேட்கவில்லை. இப்போது வரைக்கும் கேட்கவில்லை. ஒன்பது மிஸ்டு கால், மூன்று மெசேஜ். மெசேஜிலும் அந்தக் கேள்வி இல்லை.

நான் போனை வைத்துவிட்டேன். வெளியே அவரைக் கொண்டுவந்த சிநேகிதர் பாலு, வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஹிஸ்டரி எழுத அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் யாருடைய அம்மா என்று அவருக்குத் தெரியாது, அதனால் அவர் எதையும் மறைக்கவில்லை. புதன்கிழமை கரண்ட் போனதும் ஜெனரேட்டர் லைனை ஆபீஸுக்கும், உன் ரூமுக்கும், மெஸ் ஃப்ரீஸருக்கும் மட்டும் கொடுத்தாயாம். மோட்டார் ஓடாததால் மேல் டேங்க்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம். வியாழக்கிழமை சில பேர் வெளியே போய்ப் பள்ளிவாசல் நிழலில் படுத்துக்கொண்டு, டூட்டி பஸ்ஸை விட்டுவிட்டார்கள் என்று அன்று சாயங்காலமே கேட்டைப் பூட்டச் சொன்னாயாம், காளிமுத்து மயங்கி விழுந்த பிறகுதான் திறந்தார்களாம். ரூமுக்குப் பத்து பேர், தகரக் கூரை. அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை.

"மதியம் ரெண்டு மணிக்கு இவன் தலை சுத்துதுன்னான்க்கா. நான்தான் கைத்தாங்கலா கூட்டிக்கிட்டு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். பத்து நிமிசம் உள்ள தரையில படுத்துக்கட்டும், சார்கிட்ட கேளுங்கன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னோம். அவன் உள்ள போயிட்டு வந்து 'சாப் சோ ரஹா ஹை' ன்னுட்டான். சார் தூங்குறாருன்னா என்னக்கா பண்றது, திரும்பிட்டோம். ஆனா ஜன்னல் வழியா பார்த்தேன், அவரு போன்ல பேசிக்கிட்டிருந்தாரு."

என் கையில் இருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. பாலு நான் அவருக்காகப் பரிதாபப்படுகிறேன் என்று நினைத்து, "பரவால்லக்கா, நீங்க எழுதுங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நான் பரிதாபப்படவில்லை. அந்த வாக்கியம் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது உன் வாட்ச்மேனுடையது இல்லை, உன்னுடையதும் இல்லை. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். உனக்குப் பத்து வயது. துபாய் அல் குசைஸில் ஒரு ஃபிளாட்டை மூன்று குடும்பமாக ஷேரிங்கில் எடுத்திருந்தோம், ரூமுக்கு ஒரு குடும்பம், அடுப்படியும் பாத்ரூமும் பொது. நமக்கு அடுத்த ரூமில் சித்ரா, அவள் வீட்டுக்காரர் கராஜில் மெக்கானிக், ஆறு மாதப் பெண்குழந்தை. மூன்றாவது ரூம்காரர்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். ஜூலை மாதம் அந்தத் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய் இரண்டு நாள் கரண்ட் இல்லை. உன் அப்பா அப்போது கீழே பாலும் ஐஸ்கிரீமும் விற்கிற கோல்ட் ஸ்டோரில் ஃப்ரீஸர் மெக்கானிக். கடையில் ஜெனரேட்டர் இருந்தது. முதலாளிக்குத் தெரியாமல் அங்கிருந்து ஒரு வயரை ஜன்னல் வழியாக இழுத்து நம் ரூம் ஏசிக்குக் கொடுத்தார். ஒரு ஏசிக்கு மேல் தாங்காது. யாருக்காவது தெரிந்தால் எல்லாரும் வருவார்கள், முதலாளி காதுக்குப் போகும், வேலை போகும் என்றார். சரி என்று நான் ஒரு துண்டைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் செருகினேன். குளிர் வெளியே போகாமல் இருப்பதற்கு என்று உன்னிடம் சொன்னேன். சத்தம் வெளியே போகாமல் இருப்பதற்கும்தான்.

மறுநாள் மத்தியானம் சித்ரா கதவைத் தட்டினாள். உன் அப்பா கீழே கடையில் இருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், விழித்துக்கொண்டு, சேலை மடிப்புக்கூடக் கலையாமல். "அக்கா, பாப்பா பால் குடிக்க மாட்டேங்குது, ஒரு மாதிரி துவண்டு கிடக்குது, கொஞ்சம் பாருங்கக்கா" என்றாள். வாசலைத் திறந்தால் குளிர் அவள் முகத்தில் அடிக்கும். நான் உன்னைப் பார்த்து, குரல் எழாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன்: "அம்மா தூங்குதுன்னு சொல்லு மக்களே." நீ கதவருகே போய், திறக்காமல், "ஆன்ட்டி, அம்மா நைட் டூட்டி பார்த்துட்டு தூங்குறாங்க" என்றாய். நைட் டூட்டி என்று நீயாகச் சேர்த்துக்கொண்டாய். அவ்வளவு புத்திசாலி. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். குழந்தை முனகுவது எனக்குக் கேட்டது. வெயில் ஒரு பச்சைக் குழந்தையை என்ன செய்யும் என்று அந்த ஃபிளாட்டிலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவள் காலடிச் சத்தம் போனதும் நான் உன் தலையைத் தடவி "சமத்து" என்றேன். உருகிப்போகும் என்று அப்பா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ஐஸ்கிரீமில் உனக்கு இன்னொரு கப் கொடுத்தேன். பிஸ்தா. நீ நக்கி நக்கிச் சாப்பிட்டாய்.

சாயங்காலம் அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைத்துவிட்டது. அந்த மாதமே சித்ரா குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் இரவல் வாங்கியிருந்த இட்லித் தட்டைக் கழுவித் துடைத்து, நம் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுப் போனாள். தட்டவில்லை. தட்டினால் அக்கா தூங்குவாள் என்று நினைத்திருப்பாள். குழந்தை பிழைத்துவிட்டது, அதனால் நான் செய்தது சின்ன விஷயம் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. கோபத்தில் பேசினேன், ஞாயிறு பூசை விட்டேன் என்று சில்லறைப் பாவங்களை அடுக்கிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இன்றைக்கு உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதிக்கு மேல் என்மேல்தான். அதற்காக உன் பங்கு குறையும் என்று கணக்குப் போடாதே. உனக்கு அப்போது பத்து வயது, நான் சொன்னதைச் சொன்னாய். இப்போது உனக்கு இருபத்தைந்து. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தள்ளாடிக்கொண்டு நிற்பதை நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இந்த வேலை உனக்குக் கிடைத்தபோது நான் ஊரெல்லாம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். என் மகன் வெயிலில் நிற்கிற வேலை இல்லை, ஏசி ரூமில் உட்கார்ந்து ஆளை மேய்க்கிற வேலை என்று இதே வாயால் சொன்னேன். ஆளை மேய்க்கிற. அந்தச் சொல் எனக்கு அப்போது உறுத்தவில்லை. நம் அப்பன் பாட்டன் எல்லாம் கட்டுமரத்தில் வெயிலில் கருகியவர்கள், நாம் ஏசிக்குள் வந்துவிட்டோம், அந்தக் கதவை இனி யாருக்கும் திறக்கக்கூடாது என்று ஒரு பயம் எனக்குள் எப்போதும் இருந்தது. அதைத்தான் உனக்குச் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன். "மேனேஜர் சொன்னாரு, இட்ஸ் நாட் மை டிசிஷன்" என்று மெசேஜில் எழுதியிருக்கிறாய். ஜெனரேட்டரைப் பற்றி மேனேஜர் சொல்லியிருக்கலாம். கேட்டைப் பூட்டச் சொன்னதும் அவராகவே இருக்கட்டும். தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னது யார்? ஒரு ஆள் பத்து நிமிடம் உன் தரையில் படுத்திருந்தால் எந்த மேனேஜருக்குத் தெரிந்திருக்கும்? சித்ராவின் குழந்தையை நான் உள்ளே வாங்கிக் கட்டிலில் போட்டிருந்தால் எந்த முதலாளிக்குத் தெரிந்திருக்கும்?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஹிஸ்டரியில் பாலு சொன்னதை எழுதினேன். இரண்டு நாளாக மின்சாரமும் தண்ணீரும் இல்லாத அறை, பூட்டிய கேட், இரண்டு மணிக்கு உதவி கேட்டு மறுக்கப்பட்டது, முன்னால் காய்ச்சல் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். பிறகு டூட்டி டாக்டரிடம் போய், அந்தக் கேம்ப் சூப்பர்வைசர் என் மகன், எழுத்தை மாற்றச் சொல்லி எனக்குப் போன் செய்தான், என்னை இந்தக் கேஸிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். அந்த டாக்டர் என் வயதில் பாதி. "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன். இன்று காலையில் கரண்ட் வந்துவிட்டது, தெருவில் எல்லாரும் கைதட்டினார்கள். காளிமுத்துவும் கண்ணைத் திறந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் "பஸ் போயிருச்சா" என்று கேட்டார். டூட்டி பஸ்ஸைத்தான் கேட்டிருக்கிறார். உன் பஸ்ஸை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. லேபர் ஆபீஸிலிருந்து விசாரிக்க ஆள் வருவார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் உன் கேம்ப்புக்குத்தான் வருவார். அதே நேரத்தில் ஊர்க் கோயிலில் உனக்கும் ஜெனிக்கும் முதல் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று வாரம் கேட்பார்கள், மூன்று வாரமும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதுதான் வழக்கம். இந்தத் தடவை தடை தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், அவள் மாப்பிள்ளைக்கு அம்மா. நாளைக்கு நீ அந்த ஆபீசரிடம் காய்ச்சல் கதையைச் சொன்னால், இரண்டாம் ஓலைக்கு முன்னால் சாமியாருக்கு நான் போன் செய்வேன். திருச்சபைச் சட்டத்தில் இதெல்லாம் தடையில் வராது என்று உன் அப்பா சொல்கிறார். எனக்கு வரும். புழுக்கத்தில் அவளும் ஒரு நாள் உன் கதவைத் தட்டுவாள்.

வேலை போகும், விசா போகும், கல்யாணம் தள்ளிப்போகும், தெரியும். நானும் சேர்ந்து பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். திட்டுவார்கள். நீ ஒரு ரூமில் தனியாக உட்கார வேண்டி வரும். அங்கே வந்து உன் பக்கத்தில் உட்காருவேன், அது மட்டும் என்னால் முடியும். சித்ராவைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்வேன்.

உன் அப்பா இப்போது ஷூ போடுகிறார். கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வருவார். விசிட்டிங் டைம் எட்டு மணி வரைக்கும். காளிமுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது, அதில் உட்கார். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், பஸ் போகவில்லை என்று சொல்.

நாளைக் காலையில் ஆபீசர் வந்து தட்டுவார். வாட்ச்மேனை அனுப்பாதே மக்களே. நீயே எழுந்து போய்க் கதவைத் திற.

அம்மா